கடைக்காரருக்கு ஏற்ற தேகப்பயிற்சிக் கூடம் எது?

"காலை பத்து மணிக்குக் கல்லாவின் அருகே நின்றால் இரவு பத்து மணிக்குத்தான் உட்காருகிறோம். இதற்குமேல் எங்களுக்குத் தேகப்பயிற்சி எதற்கு?" என்று நம் வணிகச் சகோதரர்கள் பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. நிற்பது வேறு, உழைப்பது வேறு. நின்றுகொண்டே இருக்கும் உடம்பில் இதயம் வேகமாக அடிப்பதில்லை. மூச்சு வாங்குவதில்லை. தசைகள் பாரம் தாங்கிச் சுருங்கி விரிவதில்லை. இரத்தம் காலின் அடியில் தேங்குகிறது. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. கெண்டைக்காலில் நரம்பு நீலம் பாரித்துப் புடைக்கிறது. களைப்பு வருகிறதே தவிர பலம் வருவதில்லை. களைப்பை உழைப்பென்று எண்ணிக்கொள்வது நம் தொழிலில் உள்ளவர்களின் வழக்கமான மயக்கம்.

நம் முன்னோருக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்து விற்ற கடையநல்லூர்ப் பெண்மணிகளும் எந்தக் கூடத்தையும் தேடிப் போகவில்லை. அவர்களுடைய பிழைப்பே பயிற்சியாக இருந்தது. நாமோ மூட்டை இறக்குவதை லாரிக்காரரிடமும், மாடிக்கு ஏற்றுவதை மின்தூக்கியிடமும் விட்டுவிட்டோம். சாப்பாட்டை மட்டும் பழைய அளவிலேயே வைத்துக்கொண்டிருக்கிறோம். பரோட்டாவும் தே தாரிக்கும் அந்தக் காலத்தைவிடக் கூடியிருக்கிறதே அன்றிக் குறைந்தபாடில்லை.

இதனால் என்ன கெடுதல் என்பதைக் கடைக்காரர் மொழியிலேயே சொல்லிவிடலாம். நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் இறங்குகின்றன. அந்தச் சரக்கை வாங்கி அடுக்கிவைக்கும் பெரிய கிடங்கு நம் தசைகள்தான். கிடங்கின் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். தசைகளுக்கு வேலை கொடுக்காமல் வைத்திருந்தால் வயது ஏற ஏறக் கிடங்கு சுருங்குகிறது; சாவியும் சரியாகத் திறப்பதில்லை. சரக்கு தெருவிலேயே கிடக்கிறது. அதைத்தான் நீரிழிவு என்கிறோம். தசைகள் வேலை செய்யும்போதோ, இன்சுலின் பலவீனமாக இருந்தாலும்கூட அவை சர்க்கரையைத் தாமாகவே இழுத்துக்கொள்கின்றன. சாவி சரியில்லாதபோதும் பின்வாசல் வழியாகச் சரக்கு உள்ளே போவது போன்றது இது. பயிற்சி செய் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் உட்பொருள் இதுவே.

இந்திய வம்சாவளியினராகிய நமக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். பார்வைக்குப் பருமனாக இல்லாதவருக்கும் வருகிறது. அதனால்தான் ஆசிய மக்களுக்கு உடல் எடை அளவை வேறாக வைத்திருக்கிறார்கள். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்குச் சுமார் 65 கிலோவைத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது. 78 கிலோவை எட்டினால் மிக அதிகம். நம் சங்கக் கூட்டத்தில் வரிசையாக நிற்கவைத்து எடை பார்த்தால் எத்தனை பேர் முதல் அளவுக்குள் நிற்போம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவருக்கு நீரிழிவே காரணம் என்று மருத்துவத் துறையினர் கூறுகின்றனர். சிறுநீரகம் கெட்டவர் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகே படுத்திருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஜவுளிக்கடைச் சகோதரர் ஒருவர் இவ்வாறு வாரம் மும்முறை போய்வந்து, கடையைப் பார்க்க ஆளில்லாமல், இருபத்திரண்டு வருடக் கடையைக் கைமாற்றிவிட்டார். வாரத்தில் மூன்று மணி நேரம் கடையை விட்டு நகர முடியாது என்று சொல்கிற நாம், வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டிவந்தால் என்ன செய்வோம்?

இனி, எவ்வளவு பயிற்சி போதும் என்பதைப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தரமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நடுத்தரம் என்பதை அளக்கக் கருவி வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. அவ்வளவுதான். 150 நிமிடத்தை நடந்தே நிறைவேற்றிவிடலாம். வீட்டுக்கு இரண்டு எம்.ஆர்.டி. நிலையம் முன்னதாக இறங்கி வேகமாக நடந்தாலே பாதி தேறிவிடும். இரண்டாவது பகுதியாகிய தசைப் பயிற்சியைத்தான் நாம் அனைவரும் விட்டுவிடுகிறோம். கிடங்கைப் பெரிதாக்குவது அதுதான். கூடத்தின் தேவையும் பெரும்பாலும் அதற்காகத்தான்.

முதலில் இருப்புக் கணக்கு

கூடத்தைப் பார்ப்பதற்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும். சரக்கிருப்பு எடுக்காமல் கொள்முதலுக்குப் போகிற வியாபாரி உண்டா? 2023 ஜூலையில் அரசாங்கம் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்து பதிந்துகொள்ளலாம். சுகாதாரத் திட்டம் வகுப்பதற்கான முதல் சந்திப்புக்குக் கட்டணம் கிடையாது. நம்மில் பலர் காய்ச்சல் வந்தால் மட்டுமே மருத்துவரிடம் போகிறவர்கள். இதற்காக ஒரு முறை போய், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட்டு, "நான் பளு தூக்கலாமா, ஓடலாமா?" என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

மருத்துவரிடம் சொல்லாமல் எந்தப் பயிற்சியும் தொடங்கக் கூடாதவர்கள் சிலர் உண்டு. நடக்கும்போது மார்பில் இறுக்கமோ, இடது கையில் வலியோ, தலைச்சுற்றலோ வருகிறவர். இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். நீரிழிவால் கண்ணில் இரத்தக்கசிவு உள்ளவர். பாதத்தில் மரத்துப்போன உணர்ச்சி உள்ளவர். கண்ணில் கசிவுள்ளவர் பெரிய பளுவைத் தம் கட்டித் தூக்கினால் பார்வைக்கே ஆபத்து. பாதம் மரத்தவருக்குக் காலணி கடித்த புண்கூடத் தெரியாது. அவர் கூடத்திலிருந்து வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், கிளிபிஸைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை உண்பவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பயிற்சியின்போது சர்க்கரை வேகமாக இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரக்கூடும். சட்டைப்பையில் நாலைந்து மிட்டாயோ ஒரு சிறு பொட்டலம் சீனியோ இருக்கட்டும். வெறும் வயிற்றில் போகலாகாது. சுபுஹுக்குப் பிறகு நேராகக் கூடத்துக்குப் போகிற பழக்கமுள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

நேரமும் தூரமும்

நாம் நான்கு இடங்களை ஏறி இறங்கிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறோம். நம் முடிவு இதுதான்: நல்ல இயந்திரம் உள்ள கூடத்தைவிட, நம் கால் போகிற வழியில் உள்ள கூடமே மேலானது. வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். அல்லது வீட்டுக்கும் கடைக்கும் இடையே, இறங்கி ஏறுகிற நிலையத்தின் அருகில் இருக்க வேண்டும். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய கூடம் பளிங்குக்கல் பதித்ததாக இருந்தாலும் மூன்றாவது வாரத்தோடு சரி. கடைக்கு இடம் பார்க்கும்போது ஜன நடமாட்டம் எங்கே என்று பார்க்கிறோமல்லவா? கூடத்துக்கு இடம் பார்க்கும்போது நம்முடைய நடமாட்டம் எங்கே என்று பார்க்க வேண்டும்.

நேரம் அதைவிட முக்கியம். மற்றவர்கள் மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து கூடத்துக்குப் போகிறார்கள். நமக்கு அந்நேரம்தான் வியாபாரம் சூடு பிடிக்கிறது. ஆகவே அலுவலகத்தார் சொல்கிற யோசனைகள் நமக்கு ஒவ்வா. அவரவர் கடையின் மந்த நேரத்தைக் கண்டுபிடித்து அதில்தான் பயிற்சியைப் பொருத்த வேண்டும்.

ஜவுளிக்கடை, நகைக்கடை, நாணயமாற்றுக் கடைக்காரர்களுக்குக் காலை வசதி. இந்நாட்டில் சுபுஹு நேரம் ஏறக்குறைய ஐந்தரையிலிருந்து ஆறு மணிக்குள் வருகிறது. கடை திறக்கப் பத்து மணி. இடையில் நான்கு மணி நேரம் இருக்கிறது. அதில் பாதியை நாம் மறுபடியும் படுத்தே கழிக்கிறோம். அரசாங்கத்தின் 'ஆக்டிவ் எஸ்ஜி' கூடங்கள் பெரும்பாலும் காலை ஏழு மணியளவில் திறக்கின்றன. ஏழரை மணிக்கு அங்கே போனால் மூத்தோர் சிலரும் நாமும்தான் இருப்போம். இயந்திரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

உணவுக்கடைச் சகோதரர்களுக்கு அந்த நேரம் ஆகாது. காலைப் பசியாறலும் மதியச் சாப்பாடும் முடிந்து, மூன்று மணியளவில்தான் அவர்களுக்கு மூச்சுவிட இடம். லுஹர் முடித்து, அஸருக்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஆனால் அடுப்படியில் வெந்துவந்த உடம்பு என்பதால் வெயிலில் ஓடுவது தகாது. குளிர்சாதனம் உள்ள கூடமோ பொது நீச்சல் குளமோ நல்லது. இரவு பன்னிரண்டுக்குக் கடை அடைப்பவர்கள் சிலர் இருபத்து நான்கு மணி நேரக் கூடங்களில் சேர்ந்திருக்கிறார்கள். நள்ளிரவில் பளு தூக்கிவிட்டு வந்தால் தூக்கம் கெடும் என்பதே நம் அபிப்பிராயம். தூக்கம் குறைந்தாலும் சர்க்கரை ஏறும். அவர்கள் காலையில் அரை மணி தாமதமாக எழுந்து, பத்து மணிக்குப் போவது மேல்.

நோன்பு மாதம் வந்ததும் பலர் அடியோடு நிறுத்திவிட்டு, பிறகு பெருநாள் பலகாரத்தோடு மறந்தே போகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை, குறைத்துக்கொண்டால் போதும். நோன்பு திறக்க முக்கால் மணி இருக்கும்போது மெதுவான நடை, அல்லது தராவீஹுக்குப் பின் சிறிது பளுப் பயிற்சி. மாத்திரையும் ஊசியும் உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த வகைப் பயிற்சி?

அரசாங்கக் கூடங்கள் 2014-இல் 'ஆக்டிவ் எஸ்ஜி' என்ற பெயரில் ஒரே உறுப்பினர் முறைக்குள் கொண்டுவரப்பட்டன. பிடோக், தெம்பனிஸ், செம்பாவாங் போன்ற பேட்டைகளில் நீச்சல் குளம், மருந்தகம் முதலியவற்றோடு சேர்ந்த பெரிய கட்டடங்களிலேயே இவை இருக்கின்றன. ஒரு தடவை நுழையச் சில வெள்ளிதான். ஒப்பந்தம் எதுவும் இல்லை. போன நாளுக்கு மட்டும் காசு. நம்மைப் போன்ற வேலைநேரம் உள்ளவர்களுக்கு இதைவிட அனுகூலமான ஏற்பாடு வேறில்லை என்று துணிந்து சொல்லுவோம். குறை என்னவென்றால், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. முதல் நான்கைந்து தடவைக்குப் பயிற்றுநர் ஒருவருக்குத் தனியாகக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டு, பிறகு தானாகச் செய்வதே சிக்கனம்.

சமூக மன்றங்களில் நடக்கும் வகுப்புகள் இரண்டாம் வகை. கூட்டமாகச் செய்வதால் வராவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். தனியே போகச் சோம்பும் சுபாவமுள்ளவருக்கு அது நல்ல கடிவாளம். சுகாதார மேம்பாட்டு வாரியமும் பூங்காக்களிலும் கடைத்தொகுதிகளிலும் இலவச வகுப்புகள் நடத்துகிறது. 'ஹெல்தி 365' என்ற கைப்பேசிச் செயலியில் முன்பதிவு செய்யலாம். வகுப்பின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். குதித்துக் குதித்துச் செய்யும் வேகப் பயிற்சி முழங்கால் தேய்ந்தவருக்கு ஆகாது. பத்து வருடமாக நின்று வியாபாரம் செய்தவருக்கு முழங்கால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு நீச்சல், நிலைமிதிவண்டி, உட்கார்ந்து காலால் தள்ளும் இயந்திரம் ஆகியவை பொருத்தம்.

யோகா வகுப்பைப் பற்றிச் சிலர் நம்மிடம் கேட்டார்கள். மலேசியாவில் தேசிய ஃபத்வா மன்றம் 2008-இல் வழிபாடும் மந்திரமும் கலந்த யோகாவைக் கூடாதென்று அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். உடலை வளைத்து நீட்டும் பயிற்சி வேறு வகுப்புகளிலும் கிடைக்கிறது. மனத்தில் ஐயம் உள்ளவர் தம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

ஒன்றுமே வேண்டாம் என்பவருக்கு வீவக புளோக்கின் கீழே உள்ள பயிற்சி மூலையே போதும். தொங்கும் கம்பி, தள்ளும் கம்பி எல்லாம் இருக்கிறது. மழை பெய்தாலும் புகைமூட்டம் வந்தாலும் மட்டும் சிரமம். அப்போது படிக்கட்டு இருக்கவே இருக்கிறது.

பார்வையிடப் போகும்போது

கூடத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகப் போகாதீர்கள். எந்த நாளில், எந்த நேரத்தில் போக நினைக்கிறீர்களோ அந்த நேரத்திலேயே போய்ப் பாருங்கள். காலையில் காலியாக இருக்கிற கூடம் மாலையில் தேக்கா சந்தைபோல் இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் இயந்திரங்களை எண்ண வேண்டாம். ஆட்களைப் பாருங்கள். நம் வயதில் யாராவது இருக்கிறார்களா? பருமனானவர் யாராவது கூச்சமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாரா? அப்படியானால் அது நல்ல கூடம். எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகளாகக் கண்ணாடி முன் நின்று கையை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே நமக்கு நிலைக்காது. அவர்கள் மேல் குற்றமில்லை. கடை வேறு, வாடிக்கையாளர் வேறு.

அடுத்து, பயிற்றுநர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "என்ன நோய் இருக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எங்கே வலி?" என்று கேட்பவர் தொழில் தெரிந்தவர். கனடாவில் உருவாகி உலகெங்கும் பரவிய ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் இதற்கென்றே இருக்கிறது. இதயம், மார்புவலி, மயக்கம், மூட்டு, மருந்து ஆகியவற்றை அது கேட்கிறது. அதுபோல் எதையும் கேட்காமல் "எத்தனை கிலோ குறைக்க வேண்டும், அங்கிள்?" என்று மட்டும் கேட்கிறவர் விற்பனையாளர். பளுவைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்லித்தருகிறாரா என்றும் பாருங்கள். மூச்சை அடக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். முதல் மாதத்தில், பத்துப் பன்னிரண்டு தடவை சிரமமில்லாமல் தூக்கக்கூடிய பளுவே போதும்.

உடை மாற்றும் இடத்தையும் குளிக்கும் இடத்தையும் கட்டாயம் பாருங்கள். தனித்தனித் தடுப்பும் திரையும் உண்டா, அல்லது எல்லாரும் ஒன்றாக நிற்கும் இடமா? தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டியவர்கள் நாம். முழுக்கால் சட்டை போட்டுச் செய்வதற்கு எந்தக் கூடத்திலும் தடை கிடையாது. பாட்டுச் சத்தம் சில இடங்களில் காதைப் பிளக்கிறது. அதைப் பொறுக்க முடியாதவர் அமைதியான இடத்தைத் தேடலாம்.

புரதப் பொடி வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முட்டையும் மீனும் பருப்பும் கோழியும் உண்கிறவருக்கு அது வீண் செலவு. அப்படியும் வாங்குவதானால் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

முன்பணம்

இந்தப் பகுதி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அரைக்காசு பேரம் பேசுகிற வியாபாரிகளே கூடத்துக்குப் போனதும் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுவிடுவதைப் பார்க்கிறோம். நாம் பார்க்கப் போன ஓர் இடத்தில் இளைஞர் ஒருவர், "அங்கிள், இந்த விலை இன்னைக்கு மட்டும்தான்" என்றார். "தம்பி, எங்க கடையிலயும் அந்தப் பலகை தொங்குது, போன ஹஜ்ஜுப் பெருநாளிலிருந்து தொங்குது" என்றோம். அவரும் சிரித்துவிட்டார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 100 வெள்ளி, ஒரு வருட ஒப்பந்தம் என்றால் 1,200 வெள்ளி. வாரம் மூன்று தடவை தவறாமல் போனால் வருடத்துக்கு 156 தடவை. ஒரு தடவைக்கு 8 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. வாரம் ஒரு தடவைதான் போக முடிந்தது என்றால் ஒரு தடவைக்கு 23 வெள்ளி. தடவைக்கு 3 வெள்ளி வாங்கும் கூடத்துக்கு அதே 156 தடவை போனால் 468 வெள்ளி. போகாவிட்டால் செலவே இல்லை. ஆகவே முதல் மூன்று மாதம் தடவைக்குத் தடவை காசு கொடுக்கும் இடத்தில் பழகுங்கள். பழக்கம் நிலைத்தபின் தனியார் கூடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2016 ஜூலையில் 'கலிபோர்னியா ஃபிட்னெஸ்' என்ற பெரிய நிறுவனம் சிங்கப்பூரில் தன் கூடங்களை மூடியது. நீண்ட காலத்துக்கு முன்பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள் திகைத்து நின்றார்கள். ஒரு நிறுவனம் நொடித்தால் முன்பணம் கட்டியவர் ஈடில்லாக் கடன்காரர்களின் வரிசையில் நிற்கிறார். பாக்கிப்பட்ட மொத்த வியாபாரி நிற்கிற அதே வரிசை. அதில் நின்று பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. மாதாமாதம் கட்டுவது விலை கூடினாலும் நிம்மதி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை நாளுக்குள் மனம் மாறினால் பணம் திரும்பக் கிடைக்கும்? உடல்நலம் குன்றினாலோ ஊருக்குப் போனாலோ நிறுத்திவைக்கலாமா? வருட முடிவில் தானாகப் புதுப்பித்துப் பணம் பிடிப்பார்களா? பதிலை வாய்மொழியாக வாங்காமல் தாளில் காட்டச் சொல்லுங்கள். பயனீட்டாளர் சங்கத்தின் 'கேஸ்டிரஸ்ட்' முத்திரை பெற்ற இடமா என்றும் பார்க்கலாம்.

வீட்டாரும் சிப்பந்திகளும்

நம் பெண்களுக்கும் இந்த நோய் உண்டு. கடையில் நிற்பதற்குப் பதில் அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். பெண்களுக்கு மட்டுமேயான கூடங்கள் இங்கே இருக்கின்றன. சமூக மன்ற வகுப்புகள் சிலவற்றில் வருகிறவர்கள் அனைவரும் பெண்களாகவே இருக்கிறார்கள். பயிற்றுநரும் பெண்தானா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும். அம்மாவும் மகளும், அல்லது அடுத்தடுத்த புளோக்கில் உள்ள இரண்டு மூன்று பேரும் சேர்ந்து போனால் விடாமல் நடக்கும். போகிற நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

கடைசியாகச் சிப்பந்திகள். முதலாளி காலையில் கூடத்துக்குப் போகும் ஒரு மணி நேரத்துக்கு ஷட்டரைத் தூக்குவதும் சரக்கு வாங்கி வைப்பதும் அவர்கள்தான். ஊரிலிருந்து வந்து, கடை மாடியிலோ விடுதியிலோ தங்கி, பன்னிரண்டு மணி நேரம் நின்று, இரவு பத்தரைக்குச் சோறு உண்டு உடனே படுக்கிறவர்கள் அவர்கள். முப்பது வயதிலேயே சர்க்கரை வந்து ஊர் திரும்பிய பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கும் வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் விடலாம். கூடத்துக்குக் காசு கொடுக்க முடியாவிட்டாலும் பயிற்சி மூலைக்கும் பூங்காவுக்கும் யாரும் கட்டணம் கேட்பதில்லை. நான்கு பேர் வேலை செய்யும் கடையில், வியாபாரம் மந்தமான பிற்பகல் மூன்று மணிக்கு ஆளுக்கு இரண்டு நாளாக முறை வைத்தால் எந்த நேரத்திலும் ஒருவரோ இருவரோதான் வெளியே இருப்பார்கள். யாருக்கு எந்த நாள் என்று எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்துவிட்டால், கேட்டுக் கேட்டு நிற்கிற சங்கடமும் அவர்களுக்கு இராது.